கோலாலம்பூரில் ஒரு பகல்

முதுகுப் பையுடன் போகும் பிள்ளைகள் பார்க்க வேண்டியது என்ன? வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தைக்கும் பாதணிகள் கடல் கடந்து போகின்றன. லண்டன் தெருவில் நடக்கின்றன. ஜெர்மனியில் நடக்கின்றன. இத்தாலியில் நடக்கின்றன. ஆனால் அவற்றைத் தைத்த கைகளுக்கு உரியவர்களில் எத்தனையோ பேர் சென்னைக்கு அப்பால் போனதில்லை.

அந்த நிலை இப்போது கொஞ்சம் கொஞ்சமாக மாறி வருகிறது. மாதா மாதம் மிச்சம் பிடித்த பணத்தை எடுத்துக்கொண்டு, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, நாலு ஊர் பார்த்து வரலாம் என்று இளைஞர்கள் கிளம்புகிறார்கள். பெரிய பெட்டி இல்லை. பெரிய ஓட்டல் இல்லை. கிடைத்த இடத்தில் படுக்கை. கண்ட கடையில் சாப்பாடு. ஆண் பிள்ளைகள்தான் என்று இல்லை. பெண்களும் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போகிறார்கள்.

வியட்நாம் போகிறவர்கள், பாலித் தீவுக்குப் போகிறவர்கள், ஆஸ்திரேலியா போகிறவர்கள் என்று பல பேர் நடுவழியில் விமானம் மாறும் ஊர் கோலாலம்பூர். மலேசியாவின் தலைநகரம். காலையில் ஒரு விமானம் இறக்கிவிடும். இரவில்தான் அடுத்த விமானம். டிக்கெட் மலிவாக இருக்கும்; காத்திருக்கும் நேரம் நீளமாக இருக்கும்.

அந்த ஒரு பகலை என்ன செய்வது?

விமான நிலையத்து நாற்காலியில் சுருண்டு படுத்துத் தூங்கிக் கழிக்கலாம். அப்படிக் கழிக்கிறவர்கள் உண்டு. ஆனால் தமிழன் ஒருவன் கோலாலம்பூரில் இறங்கி, வெளியே வராமல் போவது, சொந்தக்காரர் வீட்டு வாசல் வரை போய்த் திரும்புவது போல!

வயிற்றில் புளி

"மலேசியா போகிறேன்" என்று மகன் சொன்னால், வேலூர்ப் பக்கத்துத் தாய்க்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

அந்தக் காலத்தில் மலாயாவுக்குத் தோட்ட வேலைக்கு ஆள் போன ஜில்லாக்களில் வட ஆற்காடும் ஒன்று. இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் அந்தப் பழைய ஜில்லாவைச் சேர்ந்தவைதான். (ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2019-ம் ஆண்டில் தனி மாவட்டங்கள் ஆயின.) திருச்சி, தஞ்சாவூர், சேலம் ஜில்லாக்களிலிருந்தும் ஏராளமான பேர் போனார்கள்.

அழைத்துப் போனவர் பேர் கங்காணி. கங்காணி என்றால் யார்? தோட்டத்தில் தொழிலாளரை மேய்க்கும் மேஸ்திரி. ரப்பர்த் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அவரைச் சொந்த ஊருக்கு அனுப்பி வைப்பார். அவர் தம் கிராமத்திலும் அக்கம்பக்கத்துக் கிராமங்களிலும் ஆசை வார்த்தை சொல்லி ஆள் சேர்ப்பார். மழை பொய்த்த வருஷத்தில் அதிகம் பேர் சேர்ந்தார்கள். வயிறு காய்ந்தவனுக்கு எந்த வார்த்தையும் இனிக்கும் அல்லவா?

சேர்ந்தவர்களை ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்க வைத்தார்கள். பிறகு கப்பல். பிற்காலத்தில் "ரஜூலா" என்ற கப்பல் மிகப் பேர் பெற்றது. 1926-ம் ஆண்டு கட்டிய கப்பல் அது. ஆரம்பத்தில் ஒரே தடவையில் 5,000 பேருக்கு மேல் ஏற்றிப் போக அதற்கு அனுமதி இருந்தது! அறை எடுக்கப் பணம் உள்ளவர் சிலர். மற்றவர்களுக்குத் தளத்தில்தான் பாய். அங்கேயே சாப்பாடு. அங்கேயே தூக்கம். அங்கேயே வாந்தி. ஒரு வார காலம் கடலில் கழித்துப் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்காமிலும் இறங்கினார்கள். அந்த இரண்டாவது துறைமுகத்துக்கு இன்று கிள்ளான் துறைமுகம் என்று பேர். கோலாலம்பூருக்குப் பக்கத்துத் துறைமுகம் அதுதான்.

தோட்டத்தில் விடியும் முன்பே வேலை. ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க வேண்டும். 1920-களில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு வாக்கில். பெண்ணுக்கு 40 காசு வாக்கில். மலேரியாவும் பாம்பும் கூலி இல்லாமல் கூடவே இருந்தன.

1938-ம் ஆண்டில் இந்திய அரசாங்கம் இப்படிக் கூலி ஆட்களை அழைத்துப் போவதைத் தடுத்து நிறுத்தியது. ஆனால் அதைவிடப் பெரிய துன்பம் அடுத்து வந்தது. ஜப்பான் படை மலாயாவைப் பிடித்தது. சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டு வழியே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். 1942, 1943-ம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கூட்டம் கூட்டமாகத் தமிழர்கள் கொண்டு போகப்பட்டார்கள். காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் மடிந்தார்கள். உலகம் அதற்கு "மரண ரயில் பாதை" என்று பேர் வைத்தது.

ஊர் திரும்பியவர்கள் உண்டு. அங்கேயே வேர் விட்டவர்கள் உண்டு. கடிதம் வரும் வரும் என்று வாசலைப் பார்த்தே கண்ணை மூடிய தாய்மார்களும் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் உண்டு. மலேசியா என்றால் இன்னும் பயம் தட்டுவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

அன்று ஒரு வாரம், இன்று நாலு மணி

ஆனால் பார்க்கப் போவது வேறு. பிழைக்கப் போவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பயப்பட வேண்டிய இடத்தில் பயப்பட வேண்டும். பயப்பட வேண்டாத இடத்தில் சந்தோஷமாகப் போய் வர வேண்டும்.

சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு விமானத்தில் நாலு மணி நேரம். ஆம்பூரிலிருந்து சென்னைக்கு ரயிலில் வந்து சேருவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை! பெங்களூரிலிருந்தும் விமானம் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு எந்தப் பக்கம் போனாலும் சௌகரியம்தான்.

மலேசியக் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. நள்ளிரவு வாக்கில் சென்னையில் ஏறினால், அங்கே விடியும் வேளையில் இறங்கலாம்.

விமான நிலையம் ஊருக்குத் தெற்கே, சிப்பாங் என்ற இடத்தில் இருக்கிறது. 1998-ம் ஆண்டில் திறந்தார்கள். அங்கிருந்து நகரத்து மைய ரயில் நிலையமான "சென்ட்ரல்" நிலையத்துக்கு விரைவு ரயில் ஓடுகிறது. சுமார் அரை மணி நேரப் பிரயாணம். பஸ்ஸில் போனால் கட்டணம் குறைவு. ஆனால் ஒரு மணி நேரமாவது பிடிக்கும். சிக்கனமாகப் போகிறவர்கள் பஸ்ஸையே தேடுகிறார்கள்.

மலேசியப் பணத்துக்கு ரிங்கிட் என்று பேர். அங்குள்ள தமிழர்கள் அழகாக "வெள்ளி" என்று சொல்கிறார்கள். ஒரு வெள்ளிக்கு நம் பணத்தில் 20 ரூபாய்க்கு மேல் ஆகிறது. நாளுக்கு நாள் ஏறும், இறங்கும்.

முதுகுப் பையைச் சுமந்துகொண்டு ஊர் சுற்ற வேண்டியதில்லை. கட்டணம் கட்டி நிலையத்திலேயே வைத்துவிட்டுப் போக வசதி இருக்கிறது.

இலைச் சோறு கிடைக்கும் தெரு

சென்ட்ரல் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பிரிக்ஃபீல்ட்ஸ். செங்கல் சூளைகள் இருந்த இடம் என்பதால் வந்த பேர் அது. 1881-ம் ஆண்டில் கோலாலம்பூர் தீயாலும் வெள்ளத்தாலும் அழிந்தது. அதற்குப் பிறகு ஓலைக் குடிசைகளுக்குப் பதில் செங்கல் கட்டிடங்கள் எழுப்பினார்கள். அதற்கு வேண்டிய செங்கல் இங்கே வெந்தது. பிறகு ரயில்வே வந்தது. ரயில்வேயில் வேலை பார்த்த தமிழர்களும் யாழ்ப்பாணத்தவர்களும் இங்கே குடியேறினார்கள்.

இன்று இதற்கு "லிட்டில் இந்தியா" என்று பேர். 2010-ம் ஆண்டு அக்டோபரில், இந்தியப் பிரதமராக இருந்த மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமராக இருந்த நஜிப் ரசாக்கும் இதைத் திறந்து வைத்தார்கள்.

தெருவில் கால் வைத்ததும் மல்லிகைப்பூ வாசனை. பூக்கடை, புடவைக் கடை, பலகாரக் கடை. பேச்சும் தமிழ்தான். காலைப் பசிக்கு இட்லி, தோசை உண்டு. "ரொட்டி சானாய்" என்று ஒன்று உண்டு. நம் பரோட்டாவுக்குத் தங்கை! அதோடு "தே தாரிக்". அதாவது, இழுத்து ஆற்றிய டீ. நம் ஊர் டீ மாஸ்டர் ஆற்றுவதுபோலவே, அங்கும் ஒரு கை உயரத்துக்கு ஆற்றுகிறார்கள்.

மத்தியானம் வாழை இலையில் சோறு. இலைக்கு முன் உட்கார்ந்திருப்பவர்கள் தமிழர்கள் மட்டும் அல்ல. மலாய்க்காரரும் சீனரும் கையால் பிசைந்து சாப்பிடுவதைப் பார்க்கலாம். ஆம்பூர்ப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு குறை இருக்கும். சீரகச் சம்பா பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் அங்கே எதிர்பார்க்கக் கூடாது!

இந்தப் பகுதியின் பெரிய தெருவுக்குத் துன் சம்பந்தன் பேர் வைத்திருக்கிறார்கள். யார் அவர்? மலேசிய அரசாங்கத்தில் மந்திரியாக இருந்த தமிழர். வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, தொழிலாளர்கள் தெருவில் நிற்கும் நிலை வந்தது. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். ஆளுக்கு மாதம் 10 வெள்ளி போடச் சொன்னார். 1960-ம் ஆண்டில் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். அந்தச் சங்கம் தோட்டங்களையே விலைக்கு வாங்கியது. கூலிக்குப் பால் எடுத்தவர்கள் தோட்டத்தில் பங்குதாரர் ஆனார்கள்! அவர் பேர் கொண்ட தெருவில் நடக்கும்போது இதை நினைத்துக்கொள்வது நல்லது.

272 படிகள்

சென்ட்ரல் நிலையத்திலிருந்து பத்துமலைக்கு மின்சார ரயில் நேராகப் போகிறது. கட்டணம் மிகக் குறைவு. நகரத்துக்கு வடக்கே சுமார் 13 கிலோமீட்டர். வெயில் ஏறும் முன்னே போய் வந்துவிட வேண்டும். அந்த ஊர் வெயில் வேலூர் வெயில்போல் சுடாது; ஆனால் புழுக்கம் சட்டையைப் பிழிய வைத்துவிடும்.

பத்துமலை சுண்ணாம்புக்கல் குன்று. உள்ளே பெரிய குகை. 1890-ம் ஆண்டு வாக்கில் அங்கே முருகன் வழிபாட்டைத் தொடங்கி வைத்தவர் தம்புசாமிப் பிள்ளை. சிங்கப்பூரில் பிறந்த தமிழர். கோலாலம்பூருக்கு வந்து செல்வாக்குப் பெற்றவர். ஊருக்குள் இருக்கும் மகாமாரியம்மன் கோவிலும் 1873-ம் ஆண்டில் அவர் எழுப்பியதுதான். முதலில் அது அவர் குடும்பத்துக் கோவில். பிறகு எல்லோருக்கும் பொதுவானது.

குகைக்கு ஏற 272 படிகள். முதலில் மரப்படி, பிறகு சிமெண்ட் படி. 2018-ம் ஆண்டில் படிகளுக்கு வானவில்போல் வண்ணம் அடித்தார்கள். படி அடியில் முருகன் சிலை. 140 அடி உயரம். 2006-ம் ஆண்டில் திறந்தார்கள். செய்தவர் திருவாரூரைச் சேர்ந்த சிற்பி. சிலைக்குப் பூசிய தங்க நிறப் பெயின்ட் மட்டும் 300 லிட்டர்! 2022-ம் ஆண்டில் சேலம் பக்கத்தில் 146 அடி முருகன் சிலை எழும் வரை, உலகிலேயே உயரமான முருகன் இவர்தான்.

தைப்பூசத்தன்று பார்க்க வேண்டும்! மாரியம்மன் கோவிலிலிருந்து வெள்ளி ரதம் இரவோடு இரவாகப் பத்துமலைக்கு வருகிறது. லட்சக் கணக்கான ஜனங்கள். காவடி எடுப்பவர்களில் சீனர்களும் உண்டு. தோட்டத்துக் கூலியாகப் போனவர்கள் கட்டிச் சோற்றோடு சுமந்து போன சாமி, இன்று அந்த நாட்டின் அடையாளங்களில் ஒன்று.

ஒரு எச்சரிக்கை. அங்குள்ள குரங்குகள் பலே கில்லாடிகள். கையில் வாழைப்பழமோ தின்பண்டமோ இருந்தால், அது அவற்றுக்குத்தான் சொந்தம்!

சேற்று ஆறும் செவ்வண்ண மசூதியும்

பத்துமலையிலிருந்து நகரத்துக்குத் திரும்பினால், இரண்டு ஆறுகள் சேரும் இடத்தைப் பார்க்கலாம். கிள்ளான் ஆறும் கொம்பாக் ஆறும் கூடும் முனை அது. "கோலா" என்றால் ஆற்றுமுகம். "லம்பூர்" என்றால் சேறு. ஊர்ப் பேரே அதுதான்.

1857-ம் ஆண்டில் வெள்ளீயம் தோண்ட 87 சீனத் தொழிலாளர்கள் ஆற்று வழியே வந்து இங்கே இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோரைச் சில வாரங்களிலேயே காட்டுக் காய்ச்சல் தின்றது. பிறகும் ஆட்கள் வந்தார்கள். சேற்றில் முளைத்த ஊர் வளர்ந்தது. 452 மீட்டர் உயரத்தில் 88 மாடி இரட்டைக் கோபுரம் எழுப்பும் அளவுக்கு வளர்ந்தது. 1998-ம் ஆண்டு முதல் 2004-ம் ஆண்டு வரை உலகில் அதைவிட உயரமான கட்டிடம் இல்லை.

ஆறுகள் சேரும் முனையில் ஜாமிக் மசூதி நிற்கிறது. 1909-ம் ஆண்டில் கட்டியது. செங்கல் சிவப்பும் பளிங்கு வெள்ளையுமாகப் பார்க்க அழகு. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் இந்தியப் பள்ளிவாசல். பேரே "மஸ்ஜித் இந்தியா". 1863-ம் ஆண்டில் இந்திய முஸ்லிம் வியாபாரிகள் மரத்தால் கட்டிய சிறிய பள்ளிவாசல் அது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு பெரிதாக எடுத்துக் கட்டினார்கள். அங்கே பிரசங்கம் தமிழில் கேட்கலாம். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்திலிருந்து போகும் முஸ்லிம் பிள்ளைகளுக்கு அது ஓர் ஆறுதல். கடல் தாண்டியும் தொழுகைக்குப் பின் தாய்மொழி காதில் விழுமே!

கோவிலானாலும் மசூதியானாலும் பாதணியைக் கழற்ற வேண்டும். ஆகவே, சட்டென்று கழற்றி மாட்டும் பாதணியே வசதி. புதுப் பாதணியைப் போட்டுக்கொண்டு கிளம்பக் கூடாது. இதைப் பாதணி தைக்கும் ஊருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மசூதிக்கு எதிர்க்கரையில் மெர்டேக்கா மைதானம். "மெர்டேக்கா" என்றால் விடுதலை. 1957-ம் ஆண்டு ஆகஸ்ட் 31-ந் தேதி பிறக்கும் நள்ளிரவில் இங்கேதான் வெள்ளைக்காரர் கொடி இறங்கியது. மலாயாக் கொடி ஏறியது.

கடைப் பலகையில் தமிழ்

நடக்கிற வழியில் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் ஒரு வேடிக்கை. மலாய் மொழியில் கடைக்குப் பேர் "கெடாய்". கப்பலுக்குக் "காப்பால்". பெட்டிக்குப் "பெத்தி". கட்டிலுக்குக் "காத்தில்". கோவிலுக்குக் "குயில்". எல்லாம் நம் சொற்கள்தான். கூலிகள் போவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் வியாபாரிகள் அந்தக் கரைக்குப் போய்க் கடை போட்டதற்கு இந்தச் சொற்களே சாட்சி.

தோல் தொழிலுக்கும் அந்த மண்ணுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. நம் பக்கத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டார்கள். சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் "காம்பியர்" என்ற செடியைப் பயிரிட்டு, அதன் இலையைக் காய்ச்சிச் சாறு எடுத்தார்கள். வெற்றிலையோடு மெல்ல உதவும் அந்தச் சாறு தோல் பதனிடவும் உதவியது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அது கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போயிற்று. இரண்டு கரையிலும் வெள்ளைக்காரன் செருப்புக்கு வேண்டிய சரக்குத்தான் தயாரானது!

மலேசியாவில் தமிழ்ப் பள்ளிகள் 500-க்கு மேல் இருக்கின்றன. அரசாங்கச் செலவில் பிள்ளைகள் ஆறு வருஷம் தமிழிலேயே படிக்கலாம். 1816-ம் ஆண்டில் பினாங்கில் தமிழ் வகுப்புத் தொடங்கியது. 2016-ம் ஆண்டில் 200-வது ஆண்டைக் கொண்டாடினார்கள். முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்த ஊரும் கோலாலம்பூர்தான். 1966-ம் ஆண்டு ஏப்ரலில் தனிநாயகம் அடிகளின் முயற்சியால் அது நடந்தது. சென்னையில் அடுத்த மாநாடு நடந்தது இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1968-ல்.

ஆழம் தெரிந்து கால் வை

இனி, வீட்டார் கவனிக்க வேண்டியவை.

முதலாவது: 2023-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியா சென்று 30 நாள் வரை தங்கலாம் என்று அந்த நாடு அனுமதித்தது. அந்தச் சலுகையை 2026-ம் ஆண்டு இறுதி வரை நீட்டிப்பதாகவும் அறிவித்தது. சலுகை மாறக்கூடியது. டிக்கெட் வாங்கும் முன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது: போய்ச் சேரும் நாளுக்கு முந்திய மூன்று நாட்களுக்குள், வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் இடம் போலி என்று தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது: பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது ஆயுள் இருக்க வேண்டும். மேற்கொண்டு போகும் டிக்கெட்டும், செலவுக்குப் பணமும் கையில் இருக்க வேண்டும். அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும்.

நான்காவது: பிறர் பையை வாங்கவே கூடாது. "இதைக் கொஞ்சம் கொண்டு போய்க் கொடு தம்பி" என்று தெரிந்த முகமே கேட்டாலும் முடியாது என்று சொல்லிவிட வேண்டும். மலேசியாவில் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரை விதிக்கச் சட்டம் இருக்கிறது. தெரியாமல் கொண்டு வந்தேன் என்று அழுதால், அதை நிரூபிப்பது சுலபம் அல்ல.

ஐந்தாவது: இரவு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே விமான நிலையம் வந்துவிட வேண்டும். அங்கே இரண்டு நிலையக் கட்டிடங்கள். எந்தக் கட்டிடத்தில் ஏற வேண்டும் என்று காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். சாயங்காலம் அந்த ஊரில் திடீர் மழை கொட்டும். மோட்டார்கள் நகராது. ரயில்தான் நம்பிக்கை.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது. சுற்றிப் பார்க்கும் அனுமதியில் போய் வேலை செய்யக் கூடாது. "இப்போது சுற்றுலாவாக வா, வந்த பிறகு வேலை அனுமதி வாங்கித் தருகிறேன்" என்று சொல்லும் ஏஜெண்டு, அந்தக் காலத்துக் கங்காணிக்கு அண்ணன்!

2022-ம் ஆண்டில் நடந்தது நினைவில் இருக்கலாம். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரில் மோசடிக் கும்பல்களிடம் சிக்கினார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, மற்றவர்களை ஏமாற்றும் வேலையைச் செய்யச் சொன்னார்கள். மறுத்தவர்களுக்கு அடி. அரசாங்கம் தலையிட்டு மீட்டு வந்தது. அவர்கள் படிக்காதவர்கள் அல்ல. ஆழம் தெரியாமல் காலை விட்டவர்கள்.

வேலைக்குப் போக வேண்டுமானால் அதற்கு வேறு வழி இருக்கிறது. வேலை அனுமதியை இங்கேயே கையில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். மத்திய அரசாங்கத்தில் பதிவு பெற்ற ஏஜெண்டுதானா என்று பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் மலேசியா, தாய்லாந்து முதலிய நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி பெற வேண்டும். அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. ஒரு நாள் கூலி போனாலும் நேரில் போய்க் கேட்டுவிடுவது மேல். ஆயுசு போவதைவிட ஒரு நாள் போவது நஷ்டம் அல்ல.

கொண்டு வர வேண்டிய சாமான்

ஒரு பகலில் ஒரு நாட்டைப் பார்த்துவிட முடியாது. கோலாலம்பூரையே பார்த்துவிட முடியாது. இரட்டைக் கோபுரத்தின் முன் நின்று படம் பிடித்துக்கொள்ள எல்லோராலும் முடியும். அதற்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, பக்கத்து மேஜைப் பெரியவரிடம் "ஐயா, எந்த ஊர்?" என்று கேட்டுப் பார்க்கலாம். "இந்த ஊர்தான்" என்பார். "பூர்வீகம்?" என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். குடியாத்தம் என்பார் சிலர். ஆரணி என்பார் சிலர். "வட ஆற்காடு என்று பாட்டி சொல்லுவாள், ஊர்ப் பேர் மறந்துபோச்சு" என்பவர்களும் இருப்பார்கள். ஊரைப் பார்க்காமலே ஊர் ஏக்கம் உள்ளவர்கள் அவர்கள்.

பாட்டன் பேர், கிராமத்துப் பேர், கோவில் பேர், குலதெய்வத்தின் பேர். அவர் சொல்வதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வரலாம். அந்தக் கிராமத்துக்கு ஒரு நாள் பஸ் ஏறிப் போய், திண்ணையில் இருக்கும் கிழவர்களிடம் கேட்கலாம். பத்து இடத்தில் விசாரித்தால் ஒன்பது இடத்தில் தெரியாது என்பார்கள். பத்தாவது இடத்தில், எண்பது தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலேறிய ஒருவரின் வீடு இன்னும் நின்றுகொண்டிருக்கக்கூடும்.

வெளிநாடு போய் வருகிற பிள்ளை சாக்லேட் கொண்டு வருவான். வாசனைத் தைலம் கொண்டு வருவான். அதோடு இப்படி ஒரு முகவரியும் கொண்டு வந்தால், அந்த ஒரு பகலுக்குக் கொடுத்த டிக்கெட் காசு வீண் போகாது.